அந்த வரியைப் போட்டது யார்

அந்த வருடம் ஹைதராபாத்தில் யாரும் யாரையும் முழுசாக நம்பவில்லை. தனி மாநிலம் கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. வாரத்தில் ஒரு நாளாவது பந்த். எங்கள் ஆபீஸ் கேன்டீனில் வருடக்கணக்காக ஒரே மேஜையில் டப்பாவைத் திறந்தவர்கள் இரண்டு மேஜையாகப் பிரிந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் எந்த ஜில்லா என்று முதலில் விசாரித்துக்கொள்வார்கள். என்னை மட்டும் யாரும் கேட்பதில்லை. இதே ஊரில், லோத்குண்டாவில் பிறந்து வளர்ந்தவள் என்றாலும் நான் தமிழ்க்காரி. எந்தக் கணக்கிலும் வராதவள்.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. ஹைடெக் சிட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கப் மென்பொருள் எழுதும் குழுவில் இருந்தேன். ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குள் பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடுவதுபோல ஒரு ஏற்பாடு உண்டு. அவற்றை விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஸ்க் இருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதை நிறுத்தாமல், அந்த டிஸ்க்கை நகல் எடுத்து வைப்பதுதான் எங்கள் புரோகிராமின் வேலை. முதல் தடவை முழு டிஸ்க்கையும் எடுக்கும். அதன் பிறகு, மாறிய பகுதிகளை மட்டும். வாடிக்கையாளர்கள் எல்லாம் வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்கள் டிஸ்க் போய்விட்டால் எங்கள் நகல்தான் கதி.

ஜூன் மாதம் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. புதிய பதிப்பைப் போட்டு ஆறு வாரம் ஆகிறது, பேக்கப் நடுவிலேயே செத்துவிழுகிறது என்று. தினமும் விழவில்லை. ஒரு வாரம் ஒழுங்காக ஓடும், திடீரென்று விழும். புரோகிராம் தான் செய்வதைக் குறித்துவைக்கும் லாக் கோப்பில் கடைசி வரி ஒன்றுதான்: அசெர்ஷன் தோற்றது, இந்தக் கோப்பில் இந்த வரியில்.

அசெர்ஷன் என்பது புரோகிராம் எழுதுபவர் தனக்குத்தானே கட்டிக்கொள்ளும் ஒரு வேலி. 'இந்த இடத்தில் இது உண்மையாகத்தான் இருக்கும். பொய்யாகிவிட்டால் மேலே போகாதே, இங்கேயே நின்றுவிடு' என்று எழுதி வைப்பது. எங்கள் புரோகிராம் அந்த உத்தரவுப்படி நின்றிருக்கிறது.

மானேஜர் என்னை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார். நான் உள்ளே போனதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கிருஷ்ணா ஜில்லாக்காரர், மாநிலம் பிரியக்கூடாது என்கிற கடலோரப் பக்கம். ஐந்து வருடமாக அவர் கீழ்தான் வேலை. எங்களுக்குள் பேச்செல்லாம் தெலுங்கும் ஆங்கிலமும்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"உட்காரும்மா. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்று சொல்லி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "அந்த அசெர்ஷனைப் போட்டது யார்னு பாரு."

பார்த்தேன். எங்கள் குழுவில் நான்கு மாதம் முன்பு சேர்ந்தவர். வாரங்கல்காரர், தனி மாநிலம் கேட்கிற பக்கம். இதே மாதிரி மென்பொருள் விற்கும் போட்டிக் கம்பெனி ஒன்றிலிருந்து வந்தவர்.

"அதுக்கு முன்னாடி இந்த இடத்துல அசெர்ஷனே இல்லை. ரெண்டு வருஷமா ஒரு புகார் உண்டா? இவன் வந்தான், ஒரு வரி போட்டான், புரோகிராம் சாகுது." குரலைத் தாழ்த்தினார். "அவன் வேற எங்கெங்க கை வெச்சிருக்கான்னு பாத்துச் சொல்லு. அவனுக்குத் தெரிய வேண்டாம்."

"வேணும்னே பண்ணியிருப்பார்ங்கறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலை. நீ பாரு. வேற யார்கிட்ட குடுத்தாலும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம்னு பேச்சு வரும். உன்னை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

என்னை நம்பிக் கொடுக்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சகா எனக்கு எதிர் வரிசையில், கொஞ்சம் சாய்வாக உட்கார்ந்திருப்பார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான்கூடப் போட்டிருப்பார். அதுவரை அவரை நான் சரியாகப் பார்த்ததே கிடையாது. அன்று மத்தியானத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க எல்லாமே ஒரு மாதிரியாகத் தெரிந்தது. எல்லோரும் ஒன்பதரைக்கு வந்தால் அவர் ஏழரைக்கே வந்துவிடுவார். யாராவது பின்னால் நடந்தால் திரையில் இருப்பதைச் சுருக்கிவிடுவார். போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்ப் பேசுவார். புதன்கிழமைதோறும் பன்னிரண்டு மணிக்கு வெளியே போனால் மூன்று மணிக்குத்தான் திரும்புவார். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். ஸ்கூல் பிள்ளைகள் போடுவதுபோல் பழுப்புக் காகித அட்டை போட்டது. கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவருக்கு எதற்கு நோட்டு? அதில் ஏதாவது எழுதிவிட்டு உடனே மூடிவிடுவார்.

ஆபீஸ் வண்டியில் திரும்பும்போது இதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வருவேன். போவன்பள்ளி மார்க்கெட் அருகே காய்கறி லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு வண்டி அரைமணி நேரம் நகராது. அழுகிய முட்டைக்கோஸ் வாசனை கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வரும். அந்த அரைமணியில் அவர்மேல் இன்னும் இரண்டு சந்தேகம் எனக்குக் கிடைத்துவிடும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் விஜிலன்ஸ் பிரிவில் இருந்தார். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர். செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். வீட்டுத் தமிழில் ஊர்ப் பாஷை தானாகக் கலந்துவிடும்: ஏன் என்பதற்குக் 'கைக்கு', ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'.

"வந்து நாலு மாசத்துல ஒருத்தன் கைக்கு பழைய புரோகிராம்ல கை வெக்கணும்?" என்றார், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

"அதாங்க எனக்கும் புரியல."

"ஹவ். பழைய கம்பெனியோட இன்னும் தொடுப்பு இருக்கும். போன் பேசப் படிக்கட்டுக்குப் போறான்னு சொல்றியே."

எங்கள் மகள், இரண்டாவது படிப்பவள், "மம்மி, சோறு நக்கோ" என்று தட்டைத் தள்ளினாள். பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் அவர் சொன்னதில் எனக்கு அத்தாட்சி கிடைத்தது போலிருந்தது.

பத்து நாள் அந்தச் சகா செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். நாற்பதுக்கு மேல் இருந்தன. தப்புக் கண்டுபிடிக்க வேண்டும் என்றே படித்தேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சின்னச் சின்னத் திருத்தங்கள், தெளிவான குறிப்புகள். சொல்லப்போனால் எங்கள் குழுவில் அவ்வளவு சுத்தமாக எழுதுகிறவர் வேறு யாரும் இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது. இவ்வளவு ஒழுங்காக இருக்கிறவர் எதையோ மறைக்கத்தான் ஒழுங்காக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த அசெர்ஷனையே எடுத்துப் படித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

எங்கள் புரோகிராம் டிஸ்க்கைச் சம அளவுள்ள துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளும். தரைக்கு ஓடு பதிப்பது மாதிரி. எந்தத் துண்டில் மாற்றம் நடந்தது என்று குறித்து வைக்க, துண்டுக்கு ஒரு கட்டம் வீதம் ஒரு பட்டியல் உண்டு. துண்டில் எழுதப்பட்டால் அதன் கட்டத்தில் ஒரு டிக். அடுத்த பேக்கப்பில் டிக் விழுந்த துண்டுகளை மட்டும் நகல் எடுக்கும். அந்த அசெர்ஷன் சொன்னது இவ்வளவுதான்: டிக் போட வருகிற துண்டின் எண், பட்டியலில் இருக்கிற எண்ணாக இருக்க வேண்டும். ஆயிரம் கட்டம் இருக்கும்போது ஆயிரத்தோராவது கட்டத்தில் டிக் போடச் சொன்னால், நின்றுவிடு.

இதில் சதி எங்கே இருக்கிறது என்று யோசித்தேன். முன்பு அந்த இடத்தில் என்ன இருந்தது என்று பார்த்தேன். ஒரே ஒரு வரி. எண் பட்டியலைத் தாண்டினால் ஒன்றும் செய்யாமல், யாரிடமும் சொல்லாமல், திரும்பிப் போய்விடு.

அதைப் படித்தபோது முதல்முறையாக எனக்கு வேறு மாதிரி ஒரு பயம் வந்தது. அப்படியானால் அந்தத் துண்டு? அதில் மாற்றம் நடந்திருக்கிறது, டிக் விழவில்லை, பேக்கப்பில் வராது. இரண்டு வருடமாகப் புகாரே இல்லை என்று மானேஜர் சொன்னாரே, புகார் சொல்லவே புரோகிராமுக்கு வாயில்லாமல் அந்த வரி செய்திருக்கிறது.

அந்தப் பழைய வரியை எழுதியது யார் என்று தேடினேன். பெயர் இல்லை. இரண்டு வருடம் முன்பு எங்கள் புரோகிராம் முழுவதையும் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றியபோது, பழைய வரிகள் அத்தனையும் ஒரே பொதுக் கணக்கின் பெயரில் ஏறியிருந்தன. யாரும் எழுதாத வரி போல நின்றது அது.

அந்த வாரம் ஒரு நாள் பந்த். அதற்கு ஈடாகச் சனிக்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். வந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. அந்தச் சகா வந்திருந்தார். ஒரு மணிக்கு எழுந்து கேன்டீனுக்குப் போனார். நோட்டை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

எங்கள் வரிசையில் வேறு யாரும் இல்லை. நான் எழுந்து போய் அதைத் திறந்தேன். இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது. மற்றவர்கள் சாமானைத் தொடக்கூடாது என்று மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், ஆள் வருகிறாரா என்று கதவைப் பார்த்துக்கொண்டே பக்கம் புரட்டினேன்.

தெலுங்கில் எழுதியிருந்தார். ஸ்கூலில் எனக்கு இரண்டாம் பாஷை தெலுங்கு, அதனால் படிக்க முடிந்தது. எங்கள் புரோகிராமில் புரியாத இடங்களை ஒவ்வொன்றாக எண் போட்டு எழுதியிருந்தார். பாதிக்கு மேல் இடங்களில் பக்கத்தில் 'மேடம்னி அடகாலி' என்று இருந்தது. மேடத்தைக் கேட்க வேண்டும். குழுவில் அவர் மேடம் என்று கூப்பிட்டது என்னை ஒருத்தியைத்தான். கேட்டு முடித்தவற்றுக்கு டிக் போட்டு, நான் மெயிலில் சொன்ன பதிலையும் எழுதியிருந்தார். பதினேழாவது கேள்வியில் அந்தக் கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருந்தன. பக்கத்தில், 'ஜரகது அன்னாரு.' நடக்காது என்றார்.

நோட்டை இருந்தபடியே வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்து மெயிலில் தேடினேன். இருந்தது. மூன்று மாதம் முன்பு அவர் எனக்கு எழுதியிருக்கிறார். 'எண் எல்லையைத் தாண்டினால் இந்த இடத்தில் சத்தமில்லாமல் திரும்பிவிடுகிறோம். எப்போதாவது அப்படி நடக்குமா? நடந்தால் அந்தத் துண்டு பேக்கப்பில் வராதே?'

என் பதில் ஒரே வார்த்தை. 'நடக்காது.'

அவர் மறுபடி எழுதியிருக்கிறார். 'அப்படியானால் நடக்காது என்பதையே ஓர் அசெர்ஷனாக எழுதிவிடட்டுமா?'

'சரி' என்று நான் எழுதியிருந்தேன். மாற்றத்தைப் பரிசீலித்து ஒப்புதல் கொடுத்தவர் என்ற இடத்திலும் என் பெயர்தான்; அவர் தப்பையே தேடியதில் அதை நான் கவனிக்கவே இல்லை. எதையும் படிக்காமல் பட்டனை அழுத்தியிருக்கிறேன். அன்று மகளுக்குக் காய்ச்சல், ஸ்கூலிலிருந்து போன் வந்தது, அவசரத்தில் இருந்தேன் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அன்று காய்ச்சலா என்று எனக்கு நினைவே இல்லை.

இவ்வளவு தூரம் வந்தபின் மிச்சத்தையும் பார்த்துவிடலாம் என்று பழைய சர்வரைத் தேடினேன். அதை யாரும் அழிக்கவில்லை. மாற்றம் செய்ய முடியாது, படிக்கலாம். உள்ளே போய் அந்தக் கோப்பின் பழைய சரித்திரத்தைத் திறந்தேன். நான்கு வருடம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை. யாரும் எழுதாத அந்த வரிக்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது.

அப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமை ஒரு பெரிய வாடிக்கையாளருக்கு டெமோ. வெள்ளிக்கிழமை மத்தியானம் புரோகிராம் அந்த இடத்தில் விழுந்தது. மானேஜர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, "இப்போதைக்கு ஒண்ணும் செய்யாம திரும்பிப் போன்னு ஒரு ரிட்டர்ன் போட்டுடும்மா, டெமோ முடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்றார். போட்டேன். டெமோ முடிந்தது. பிறகு நாங்கள் பார்க்கவே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திருமுல்கேரியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். தலைவலி என்று சொல்லி ஓர் அறையில் படுத்துக்கொண்டேன். அந்தச் சகாமேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. சந்தேகம் மட்டும் போகவில்லை. மானேஜருக்கு இது நினைவில் இருக்குமா? இருந்தால் எதற்கு என்னிடம் கொடுத்தார்?

திங்கட்கிழமை ஏழரைக்கே ஆபீசுக்குப் போனேன். அந்தச் சகா மட்டும் இருந்தார். டீ வாங்கிக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"தெரியும் மேடம்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பத்து நாளா என் மாற்றங்களை எல்லாம் திறந்து பாக்கறீங்க. பரிசீலனைப் பக்கத்துல யார் யார் பார்த்தாங்கன்னு பேர் விழும். தினமும் உங்க பேர்தான்."

எனக்கு முகம் சுட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்ம மெயில் ரெண்டையும் பிரிண்ட் எடுத்து வீட்டுல வெச்சிருக்கேன் மேடம். நீங்க இல்லைன்னு சொல்லிட்டா காட்டறதுக்கு. உங்களுக்கு எதிரான்னு நினைக்காதீங்க." கொஞ்சம் யோசித்து, "இல்லை, உங்களுக்கு எதிராத்தான்" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மானேஜர் சொன்னதை, பழைய சர்வரில் கண்டதை, நோட்டைத் திறந்ததை. நோட்டைச் சொன்னபோது மட்டும் அவர் அதை மெல்ல இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

புதன்கிழமை எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

"சரி மேடம். நடக்காதது எப்படி நடக்குதுன்னு பாக்கலாமா?" என்றார்.

ஒன்பதரைக்குள் கண்டுபிடித்துவிட்டோம். கட்டம் எத்தனை வேண்டும் என்று கணக்கிட, டிஸ்க்கின் நீளத்தைத் துண்டின் அளவால் வகுத்திருந்தேன். மீதி வந்தால் அது தானாக உதிர்ந்துவிடும். சாதாரணமாக மீதி வராது; நாங்கள் வழக்கமாகச் சோதித்த டிஸ்க் எல்லாம் அழகாக வகுபடுகிற அளவு, அந்த டெமோவுக்கு வைத்தது மட்டும் வகுபடாததாக இருந்திருக்க வேண்டும். அந்த வாடிக்கையாளர் பழைய நிஜக் கம்ப்யூட்டர் ஒன்றின் டிஸ்க்கை அப்படியே விர்ச்சுவல் மெஷினுக்கு மாற்றியிருந்தார். அதன் கடைசியில் முழுசாகாத ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. சுவர் ஓரத்தில் வெட்டிப் போடுகிற அரை ஓடு மாதிரி. அதற்குப் பட்டியலில் கட்டமே இல்லை. டிஸ்க்கின் கடைசிவரை எப்போதாவதுதான் எதுவும் எழுதப்படும். எழுதப்பட்ட அன்று புரோகிராம் விழுந்தது.

அவர் ஒரு சின்ன டிஸ்க் உண்டாக்கினார், வேண்டுமென்றே வகுபடாத அளவில். அசெர்ஷனை எடுத்துவிட்டுப் பழைய வரியை வைத்தோம். டிஸ்க் முழுக்க A என்ற எழுத்தை நிரப்பி முழு பேக்கப் எடுத்தோம். பிறகு கடைசித் துண்டில் மட்டும் B எழுதி, மாறியதற்கான பேக்கப் எடுத்தோம். பேக்கப் வெற்றி என்று பச்சை எழுத்தில் வந்தது. அந்த நகலிலிருந்து டிஸ்க்கைத் திரும்ப உண்டாக்கிக் கடைசிப் பகுதியைத் திறந்தோம்.

A A A A என்று திரை முழுக்க வந்தது.

நான்கு வருடம். எத்தனை டிஸ்க்குகளின் கடைசித் துண்டில் பழைய எழுத்து உட்கார்ந்திருக்கிறதோ. அவர் உதவிப் பிரிவின் பழைய புகார்களைத் தேடினார். முந்தைய வருடம் ஒரு வாடிக்கையாளர், நகலிலிருந்து எடுத்த டேட்டாபேஸ் கோப்பின் கடைசி சேதமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். உங்கள் டிஸ்க்கில்தான் கோளாறு என்று எங்கள் குழு பதில் அனுப்பிப் புகாரை மூடியிருந்தது. அவர்கள் அதை நம்பி டிஸ்க்கை மாற்றியும் விட்டார்களாம்.

திருத்தம் மூன்றே வரி. வகுக்கும்போது மீதி இருந்தால் ஒரு கட்டம் கூட்டு; கடைசித் துண்டை நகல் எடுக்கும்போது மிச்சம் இருக்கிற அளவுக்கு மட்டும் எடு. அசெர்ஷனை அப்படியே விட்டோம். மறுபடி சோதித்தபோது கடைசியில் B வந்தது.

பதினோரு மணிக்கு மானேஜர் அறைக்கு நான் மட்டும் போனேன். நடந்ததைச் சொன்னேன். பழைய வரியை எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

"நல்லது. திருத்தத்தை அனுப்பிடு. முடிஞ்சுது."

"பழைய பேக்கப்புங்க தப்பா இருக்கு சார். கஸ்டமர்கிட்ட சொல்லணும். எல்லாரும் புதுசா ஒரு முழு பேக்கப் எடுத்தாத்தான் சரியாகும்."

"எத்தனை பேருக்குத் தப்பா இருக்கு?"

"தெரியாது சார்."

"தெரியாததை எதுக்கும்மா சொல்லணும்? புதுப் பதிப்பைப் போட்டா இனிமே சரியா வரும். பழசைக் கிளறினா உனக்கும் நல்லதில்லை, டீமுக்கும் நல்லதில்லை." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தப் பையன் ஏதாவது சொன்னானா?"

"ஒண்ணும் சொல்லலை சார். பழைய வரியைப் போட்டது நான். அசெர்ஷனுக்கு ஒப்புதல் கொடுத்ததும் நான்."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். மெயில் ஒன்று எழுதினேன். வாடிக்கையாளர் உதவிப் பிரிவின் தலைவருக்கு, மானேஜருக்கும் அந்தச் சகாவுக்கும் நகல். தவறு என்ன, எப்போதிருந்து, எந்த மாதிரி டிஸ்க்குகளுக்கு, என்ன செய்தால் சரியாகும். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர். நாலு தடவை படித்தேன். வேலை போனால் வீட்டுக் கடன் என்ன ஆகும் என்றுகூட யோசித்தேன். பிறகு அனுப்பிவிட்டேன். எதிரே அவர் திரையில் அது போய் விழுந்தது. படித்துவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருந்தார்.

வேலை போகவில்லை. இரண்டு வாரம் மேலிடத்தில் கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கடைசியில் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரு கடிதம் போனது. நான் எழுதியதில் பாதிதான் அதில் இருந்தது. ஆனால் உடனே முழு பேக்கப் எடுங்கள் என்பது முதல் வரியிலேயே இருந்தது. டிஸ்க்கை மாற்றிய அந்த வாடிக்கையாளருக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டார்கள். அந்த வருட மதிப்பீட்டில் எனக்குக் கீழ் நிலை கிடைத்தது. மானேஜர் வேலை விஷயம் தவிர என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அந்தச் சகாவைப் பற்றி யாரும் பிறகு எதுவும் சொல்லவில்லை. சந்தேகப்பட்டதும் சொல்லாமல் நடந்தது, அது போனதும் சொல்லாமல்தான். வீட்டுக்காரரிடம் முழுக்கதையும் சொன்னபோது, "அப்ப படிக்கட்டுல யார்கிட்டதான் பேசறான்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து மானேஜர் வேறு கம்பெனிக்குப் போனார். கடைசி நாள் கேக் வெட்டி, சமோசா கொடுத்து, எல்லோரும் கைகுலுக்கினோம். சாயங்காலம் லிஃப்ட் அருகே அவரும் நானும் மட்டும் நின்றோம். கையில் அட்டைப் பெட்டி வைத்திருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? அந்த வரியை நான்தான் போட்டேன்னு அப்பவே உங்களுக்கு ஞாபகம் இருந்துதா?"

"போடச் சொன்னதே நான்தானேம்மா" என்றார். "எப்படி மறக்கும்?"

"அப்ப ஏன் சார் என்கிட்டயே குடுத்தீங்க?"

லிஃப்ட் கதவு திறந்தது. பெட்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "நீன்னா அசெர்ஷனை எடுத்துட்டு, சத்தமில்லாம உன் பழைய வரியையே வெச்சிடுவேன்னு நினைச்சேன்" என்றார். குரலில் வருத்தமும் இல்லை, கிண்டலும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கோம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் அடுத்த லிஃப்டுக்காக நின்றேன். என்னைப் பற்றி அவர் தப்பாக நினைத்துவிட்டார் என்று ரோஷப்பட முதலில் தோன்றியது. ஆனால் பத்து நாள் அவர் நினைத்தபடிதான் நடந்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை நோட்டு மேஜைமேல் இல்லாமல் இருந்திருந்தால், பழைய சர்வர்வரை போயிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் அந்தச் சகாவிடம் இதைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நான் உங்க இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு சொல்லத் தெரியலை மேடம்" என்றார்.

அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. இன்னும் இரண்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தோம். அவர் எழுதியதை நான் வரி வரியாகப் படித்தேன். நான் எழுதியதை அவரும் அப்படித்தான் படித்தார்.